பாண்டிச்செல்வம் மருந்து குடிக்கவில்லை

அழகுமீனா பிறந்தது எம். புதுப்பட்டியில். அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைக்குப் போனவர்கள். அவளும் பத்தாம் வகுப்போடு நின்று, கல்யாணம் ஆகும்வரை திரி வெட்டும் வேலைக்குப் போனாள். அந்த ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. ஆலையிலிருந்து வந்தவர்கள் பிள்ளையைத் தூக்க மாட்டார்கள், அடுப்புப் பக்கம் போக மாட்டார்கள். முதலில் குளியல், மாற்றுத்துணி. அப்புறம்தான் மற்றதெல்லாம். சித்தி ஒருத்தி வெடி விபத்தில் போன பிறகு, "இவளை வெள்ளாமை செய்யிற வீட்டுலதான் குடுப்பேன்" என்று அம்மா பிடிவாதமாக நின்று, மல்லாங்கிணறு பாண்டிச்செல்வத்துக்குக் கட்டிவைத்தாள்.

மல்லாங்கிணற்றில் மருந்து என்றால் பூச்சிமருந்து. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிப்பது. வந்த புதிதில், மருந்தடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் நுழைந்த புருஷனை அழகுமீனா வாசலில் மறித்தாள்.

"குளிச்சிட்டு உள்ள வாங்க. எங்கூர்ல இப்படி யாரும் வர மாட்டாக."

"இது என்ன, வெடிக்கவா போகுது?" என்று சிரித்தார் பாண்டிச்செல்வம். ஆனாலும் குளித்துவிட்டு வந்தார்.

கொஞ்ச வருஷம் அது நடந்தது. அப்புறம் தண்ணீருக்கு அலைய வேண்டியிருந்தது, மகள் பிறந்தாள், வேலை கூடியது. அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே நினைவில்லை. மருந்தை மூடியில் அளந்து, வாளித் தண்ணீரில் ஊற்றி, கையாலேயே கலக்கிக் கொடுப்பது அவள் வேலை என்று ஆகிவிட்டது. சாயங்காலம் அவர் சட்டையை அலசிப் போடுவதும் அவள்தான்.

பாண்டிச்செல்வம் அதிர்ந்து பேசாத மனிதர். பச்சை வெங்காயம் இல்லாமல் சாப்பிட மாட்டார். உழும்போது தனக்குத்தானே எதையாவது பேசிக்கொண்டே போவார். கேட்டால், "மண்ணுகிட்டப் பேசுதேன்" என்பார். மானாவாரிக் காடு. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பக்கத்துக் காடு அண்ணன் பெத்தணனுடையது. தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். தம்பிக்குத் தலைவலி என்றால்கூட முதலில் ஓடிவருவார்.

போன பருத்தி வெள்ளாமையில் புழு கடுமையாக விழுந்தது. மகளை அப்போது கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒரு காலையில் பாண்டிச்செல்வம் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார். மூடியின் வாசர் தேய்ந்து, டேங்கிலிருந்து மருந்துத் தண்ணீர் முதுகில் வடிந்துகொண்டிருந்தது.

"சட்டை நனையுதே," என்றாள் அழகுமீனா.

"வெயிலுக்குச் சில்லுன்னுதான் இருக்கு. நாளைக்கு வாசரை மாத்திக்கிடலாம்."

உச்சிக்கு முன்னால் அவர் வரப்பில் வந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. "மீனா, கண்ணு மங்குது" என்றார். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. கெண்டைக்காலில் சதை தானாகத் துடிப்பதை அவள் பார்த்தாள். அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவள் கத்தியதும் பெத்தணன் ஓடிவந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொஞ்ச நாளைக்கு முன்புதான் ஒருவர் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்திருந்தார். தம்பியின் வாயில் நுரையைப் பார்த்ததும் அவருக்கு வேறு நினைப்பே வரவில்லை.

"ஏலே, என்னலே செஞ்ச? மருந்தைக் குடிச்சிட்டியா?"

"இல்ல அத்தான், குடிக்கல. அடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாக."

"நீ சும்மா இரு மீனா. நுரை தள்ளுது பாரு!"

பக்கத்துப் பம்புசெட்டில் கிடந்த சோப்பைச் செம்புத் தண்ணீரில் கரைத்து, தம்பியின் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றினார். பாண்டிச்செல்வத்துக்குப் புரையேறியது. மூச்சு முட்டி, இருமி, வாந்தி எடுத்தார். "வரட்டும், அம்புட்டும் வெளிய வரட்டும்" என்று இன்னொரு செம்பு ஊற்றினார். சத்தம் கேட்டு ஊர்க்காரர் செல்லச்சாமி தன் லோடு வண்டியைக் கொண்டுவந்தார். அழகுமீனா புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். விருதுநகர் போய்ச் சேரும்வரை அந்த ஈரச் சட்டை அவர் முதுகிலேயே ஒட்டிக்கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பெத்தணன் சொன்ன முதல் வார்த்தை, "பூச்சிமருந்து குடிச்சிட்டான்." அதுவே ஆஸ்பத்திரிச் சீட்டிலும் போலீஸிலும் பதிவானது. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். எச்சில் நின்றது, வேர்வை காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எச்சில், மறுபடியும் துடிப்பு. மறுபடியும் ஊசி.

பிற்பகலில் வார்டுக்கு வந்த டாக்டர் ஹர்ஷினி இளம் வயதுப் பெண், சிவகாசிக்காரி. நுரையீரலைக் கேட்க பாண்டிச்செல்வத்தைப் புரட்டியவள், முகத்தைச் சுளித்தாள்.

"சட்டையை யாருமே கழட்டலையா?"

மருந்து குடித்தவனுக்கு வயிற்றைத்தானே பார்ப்பார்கள். ஹர்ஷினி கத்தரிக்கோல் வாங்கிச் சட்டையைக் கிழித்து எடுத்தாள். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். அந்தச் சட்டையை அழகுமீனா சுருட்டி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். புருஷனுடைய சட்டை, அதைக் கீழே போட அவளுக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் அவளுக்குக் கண் மங்கியது. நெற்றி தெறித்தது. அழுகை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது. ஹர்ஷினி டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. நீங்களும் குடிச்சீங்களா?"

"நானா? காலையில இருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல தாயி."

ஹர்ஷினியின் பார்வை மடியில் இருந்த சட்டைக்குப் போனது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குளித்து மாற்றுச்சேலை கட்டிய பிறகு, அவளுக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை அழகுமீனாவையும் பெத்தணனையும் ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள் ஹர்ஷினி. மூன்று சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒன்று நல்ல மஞ்சள். ஒன்று வெளிறிய மஞ்சள். மூன்றாவதில் நிறமே இல்லை.

"நரம்பு, சதையைப் பார்த்து இறுகுன்னு சொல்றதுக்கு ஒரு பொருளை அனுப்பும்," என்றாள். "சொல்லி முடிச்சதும் அந்தப் பொருளை உடனே வெட்டிப்போடணும். வெட்டுறதுக்கு ஒரு நொதி இருக்கு. இந்தப் பூச்சிமருந்து போய் அந்த நொதியோட வாயில அடைச்சுக்கும். அப்புறம் வெட்ட ஆள் இல்ல. சதை துடிச்சுக்கிட்டே இருக்கும், எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும். கடைசியில சதை சோர்ந்து நின்னுடும்."

"இந்தக் குழாய்?" என்று கேட்டாள் அழகுமீனா.

"அதே மாதிரி நொதி ரத்தத்துலயும் ஓடுது. அது வெட்டுறதுக்குத் தோதா ஒரு பொருளை இதுல போட்டிருக்காங்க. நொதி உயிரோட இருந்தா வெட்டும், வெட்டுனா மஞ்சள் நிறம் வரும். இந்த நல்ல மஞ்சள் இங்க வேலை பார்க்கிறவரோட ரத்தம். நிறமே இல்லாதது உங்க வீட்டுக்காரரோடது. நடுவுல இருக்கிறது நீங்க."

பெத்தணன் மூன்றாவது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிருந்தாலும் இப்படித்தானம்மா இருக்கும்?"

"அவருக்குச் சரிங்க. இவங்க எதைக் குடிச்சாங்க? சட்டையைத் தொட்டதுக்கே இவ்வளவு. முதுகு பூரா நனைஞ்சவருக்கு எவ்வளவு ஏறியிருக்கும்? வயித்தைக் கழுவுன தண்ணியில மருந்து வாடையே இல்லையாம், சோப்பு வாடைதானாம். தோல் வழியாத்தான் போயிருக்கு."

"அதைப் பிடுங்கி எடுக்க ஒண்ணும் இல்லையா?" என்றாள் அழகுமீனா.

"ஒரு ஊசி இருக்கு. அது போய் நொதியைப் பிடிச்சிருக்கிற மருந்தை இழுத்து விடும். போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா நேரம் ஆக ஆக அந்தப் பிடி இறுகிடும். இறுகினப்புறம் எதாலயும் இழுக்க முடியாது. உடம்பு புதுசா நொதி செய்யிற வரைக்கும் காத்திருக்கணும்."

பெத்தணன் மெல்லக் கேட்டார். "நான் ஊத்துன சோப்புத்தண்ணி?"

ஹர்ஷினி அவர் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் நுரையீரல்ல போயிருக்குங்க. எக்ஸ்ரேயில தெரியுது."

பெத்தணன் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் பாண்டிச்செல்வத்துக்கு நல்ல நினைவு வந்தது. அண்ணனைப் பக்கத்தில் அழைத்து, குழறிய குரலில் சொன்னார்: "நான் குடிக்கலண்ணே."

பெத்தணன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பாண்டிச்செல்வத்தால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அதைப் பார்த்ததும் ஹர்ஷினி பரபரத்தாள்; கழுத்துச் சதை விட்டால் அடுத்து மூச்சுச் சதை விடும் என்றாள். மூச்சுவிடும் இயந்திரத்தில் போட்டார்கள். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த அன்று அவர் போய்விட்டார்.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வருவதற்கு முன்பே, மருந்து குடித்துச் செத்தான் என்ற பேச்சு ஊருக்கு வந்துவிட்டது. என்ன கடனோ, என்ன சண்டையோ என்றார்கள். பொண்டாட்டி என்ன சொன்னாளோ என்றும் சிலர் சொன்னது அழகுமீனாவின் காதில் விழுந்தது. அவள் பெத்தணனைப் பார்த்தாள். கண்ணாடிக் குழாயைப் பார்த்தவர், தம்பியின் வாயாலேயே கேட்டவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி குடித்திருந்தால் சோப்புத்தண்ணீர் ஊற்றிய அண்ணன் காப்பாற்றப் பார்த்தவன். குடிக்கவில்லை என்றால் அவர் யார்?

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தங்கள் கூடியிருந்தபோது நாகையா மாமா பெருமூச்சு விட்டார். "அவனுக்கு என்ன கொறை? இப்படிக் குடிச்சிட்டானே."

அழகுமீனா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "அவுக குடிக்கல மாமா."

"சரி ஆத்தா, போனவனைப் பத்தி என்ன..."

"குடிக்கல. முதுகுல வடிஞ்ச மருந்து தோலு வழியா ஏறிருச்சு. அந்தச் சட்டையை மடியில வச்சிருந்ததுக்கு எனக்கும் ஊசி போட்டாக. என் ரத்தத்துலயும் அதே மருந்து இருந்தது. நானும் குடிச்சேனா? சொல்லுங்க, நானும் குடிச்சேனா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "குடிக்காதவனுக்கு எதுக்குச் சோப்புத்தண்ணி குடுத்தீக?"

எல்லாருடைய பார்வையும் பெத்தணன் பக்கம் திரும்பியது. அவர் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாமா என்று அழகுமீனாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"பதட்டத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியல," என்றாள்.

பெத்தணன் எழுந்து, பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை.

சில மாதம் கழித்து அழகுமீனா மறுபடியும் ரத்தம் கொடுக்கப் போனாள். குழாயில் நல்ல மஞ்சள் வந்திருக்கிறது என்று ஹர்ஷினி சந்தோஷமாகச் சொன்னாள். "உங்க உடம்பே புதுசா செஞ்சுக்கிச்சும்மா."

"அவுகளுக்கும் இன்னும் கொஞ்ச நாளு மூச்சு இருந்திருந்தா செஞ்சிருக்கும், இல்ல?"

ஹர்ஷினி சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

கோடையில் ஒரு மழை விழுந்தது. காட்டுக்குப் போன அழகுமீனா, தன் காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பெத்தணன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உழுது முடித்து வேப்பமர நிழலுக்கு வந்தவரிடம் அவள் தூக்குவாளியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தேன்," என்றார். "அவன் குடிக்கல, நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டு வந்தப்புறம்தான் மாத்துவாகளாம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் கொன்னுட்டேன் மீனா" என்றார்.

"அப்படிச் சொல்லாதீக."

"ஊத்துனது நான்தான?"

"கலக்கிக் குடுத்தது நான்," என்றாள் அழகுமீனா. "சட்டை நனையுதுன்னு பாத்துக்கிட்டே நின்னவளும் நான்தான் அத்தான். இத்தனை பேரு இருந்தோம், ஒருத்தருக்கும் அதைக் கழட்டணும்னு தோணல."

பெத்தணன் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அவள் போட்ட சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஊரில் இப்போதும் சிலர் மருந்தடிக்கையில் செத்தான் என்கிறார்கள், சிலர் குடித்துச் செத்தான் என்கிறார்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அந்த வருஷம் அழகுமீனா பருத்தி போடவில்லை. மருந்து கேட்காத குதிரைவாலியை விதைத்தாள். பின்மழை பொய்த்ததால் பாதி கருகிவிட்டது. மீதியைப் பெத்தணனின் மனைவியும் அவளுமாக அறுத்தார்கள்.