மாமியின் கைக்கு மூன்று பூச்சு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. பெரியம்மா அம்மாவுக்குப் போன் எடுத்து, மாமியின் கைகளைப் பற்றிக் கதைத்தார்.
2. அம்மா மருந்துக் கடையில் ஒரு டான் லோஷன் வாங்கினார்.
3. போத்தலில் இருந்த ஆங்கிலத்தை நான் வாசித்து மாமிக்குத் தமிழில் சொன்னேன். ஒரு வரியைப் பிழையாகச் சொன்னேன்.
4. அந்தப் பிழையால் வேலை சரியாக வந்தது.
5. இன்னொரு வரியைச் சரியாகவே விளங்கி, அப்படியே கடைப்பிடித்தேன். அதனால் என் உள்ளங்கைகள் இரண்டு கிழமைக்கு மண்ணிறமாக இருந்தன.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாவதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

அக்கா பெரியபிள்ளை ஆனதற்குச் சாமத்திய வீடு வைத்திருந்தார்கள். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தள்ளி ஒரு மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சொல்லி, இரண்டு வீடியோக்காரரையும் பிடித்திருந்தார்கள். அந்தச் சடங்கில் பெண்ணின் தலையில் முதலில் பாலும் அறுகம்புல்லும் வைக்க வேண்டியவர்கள் தாய்மாமனும் அவர் மனைவியும். எங்களுக்கு ஒரே ஒரு மாமா. ஆகவே ஒரே ஒரு மாமி.

மாமி ஜெர்மனியில் வளர்ந்து, மாமாவைக் கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்தவர். வீட்டில் இருந்தபடி சேலைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். அவருடைய இரண்டு புறங்கைகளிலும், மணிக்கட்டுவரை, வெள்ளைத் திட்டுகள் இருந்தன. நோகாது, யாருக்கும் ஒட்டாது. நிறம் மட்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ‘பேட்ச்’ என்று சொன்னதால் நாங்களும் பேட்ச் என்றே சொன்னோம். தமிழில் அதற்கு இருக்கிற சொற்களை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

பெரியம்மாவின் கவலை முழுக்க வீடியோவைப் பற்றியது. அம்மா சமைத்துக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

“பால் அறுகு வைக்கேக்க முகத்தையோ எடுக்கப்போறான்? கையைத்தான் கிட்டப் பிடிச்சு எடுப்பான். கனடாவில இருந்து எல்லாரும் பாப்பினம். ஒண்டில் அந்தக் கையைச் சரிக்கட்டு, இல்லாட்டி நான் வேற ஆளைப் பிடிக்கிறன். என்ர மச்சாள் இருக்கிறா. அவவும் ஒரு முறையில மாமிதானே.”

அம்மா “பாப்பம் அக்கா” என்றார். அடுத்த நாள் போத்தலோடு வந்தார். வெயிலில் நிற்காமலே வெயில் பட்ட நிறம் தருகிற லோஷன் அது. எங்கள் குளியலறை அலமாரியில் அதுவரை இருந்த அத்தனை கிரீமும் எங்களை வெளுக்க வைப்பதற்காக வாங்கியவை. கறுக்க வைப்பதற்கென்று வீட்டுக்குள் வந்த முதலாவது சாமான் இதுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அதை என்னிடம் தந்து மாமி வீட்டுக்கு அனுப்பினார். “மாமிக்கு இங்கிலிஷ் வாசிக்கிறது கஷ்டம். நீ வாசிச்சுச் சொல்லு” என்றார். அம்மா தானும் வராததற்கு அதுதான் காரணம் என்று நம்பிப் போனேன்.

மாமி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெள்ளைக்காரி கறுக்கிறதுக்குக் காசு குடுக்கிறாள், கொம்மா வெளுக்கிறதுக்குக் குடுக்கிறா. நான் மட்டும் சும்மா இருந்தே வெளுத்தனான்” என்றார். அடுப்படியில் நின்ற மாமா சிரித்தார். பிறகு தான் சிரித்திருக்கக் கூடாதோ என்று பார்த்தார்.

நான் கொப்பியை எடுத்து, போத்தலில் இருந்த வரிகளை இலக்கம் போட்டு எழுதினேன். முதலாவது, தோலைத் தேய்த்துக் கழுவி உலர விடவும். மாமி பயற்றம் மாவால் தேய்த்தார். இரண்டாவது, விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் காய்ந்த இடங்கள், நிறத்தைக் கூடக் குடிக்கும்; அங்கே முதலில் கொஞ்சம் கிரீம் பூசவும். மாமி தேங்காய் எண்ணெயை எடுத்தார். ‘கிரீம்’ என்று எழுதியிருக்கிறது என்று மறித்தேன். மூன்றாவது வரியில் ‘பேட்ச் டெஸ்ட்’ என்று இருந்தது.

“என்னெண்டு இருக்கு?”

“பேட்ச் எண்டு இருக்கு மாமி.”

“உண்மையாவோ?” மாமி எட்டிப் பார்த்தார். அந்த ஒரு சொல் அவருக்கு விளங்கியது. “இஞ்ச பாருங்கோப்பா, பேட்ச் எண்டே போட்டிருக்கிறாங்கள். எங்களுக்கெண்டுதான் செய்திருக்கிறாங்கள்!”

அதில் சொல்லியிருந்தது வேறு. ஒவ்வாமை வருமா என்று பார்க்க, தோலில் ஒரு சிறிய இடத்தில் முதல் நாளே பூசிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் பேட்ச் இருக்கிற இடத்தில் பூசி ஒரு நாள் விட வேண்டும் என்று மொழிபெயர்த்தேன். ஆகவே கை முழுவதும் பூசவில்லை. இடது உள்ளங்கையில் லோஷனை ஊற்றி வைத்துக்கொண்டு, பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு, வெள்ளையான இடங்களை மட்டும் விளிம்புவரை நிரப்பி, விளிம்பை விரலால் கலைத்துவிட்டேன். கை முழுக்கப் பூசியிருந்தால் மற்றத் தோலும் சேர்ந்து கறுத்து, வித்தியாசம் அப்படியே இருந்திருக்கும். இதை இப்போது என்னால் விளக்க முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறம் தீட்டும்போது கோட்டுக்கு வெளியே போகக் கூடாது என்பதுதான்.

“மாமி, கூசுதோ?”

“இல்லை. நீ பூசு.”

“பெரியம்மா வேற மாமியைப் பிடிப்பாவாம். அது நடக்காது, என்ன?”

மாமியின் கை ஒரு கணம் அசைந்தது. ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே போய்விட்டது. துடைத்தேன்.

“உன்ர அக்கா பிறந்த அண்டைக்கு முதல் தூக்கினது நான்” என்றார். “வேற ஆள் வைக்க விடன்.”

கடைசி வரி: எட்டு மணித்தியாலத்துக்குத் தண்ணீர் படக் கூடாது. அன்று மாமா பானை கழுவினார். “ராசாத்திக்கு லீவாம்” என்று ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு தரம் சொன்னார். நான் கையில் மிஞ்சிய லோஷனை வீணாக்காமல் இரண்டு உள்ளங்கைகளிலும் தேய்த்துக்கொண்டேன். தண்ணீர் படக் கூடாது என்று இருந்ததால் கழுவவில்லை. பூசியவர் உடனே கை கழுவ வேண்டும் என்பது போத்தலின் மறுபக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை இன்னும் இரண்டு பூச்சு. ஞாயிறு காலையில் மாமியின் கைகள் ஒரே நிறமாகியிருந்தன. கிட்டப் பார்த்தால் கொஞ்சம் செம்மஞ்சள் அடித்தது, சுட்ட பிஸ்கட் போல ஒரு மணமும் இருந்தது. இரண்டு முழம் தள்ளி நின்றால் எதுவும் தெரியாது.

மண்டபத்தில் பெரியம்மா மாமியின் கையைப் பிடித்து, மேடை வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். காய் வாங்குகிறபோதும் அவர் அப்படித்தான் பார்ப்பார். “அச்சாவா இருக்கு. ஒண்டும் தெரியேல்லை. இனிப் போய் வையும்” என்றார். மாமி மேடை ஏறி அக்காவின் தலையில் பால் அறுகு வைத்தார். வீடியோக்காரர் குனிந்து கையைக் கிட்ட எடுத்தார். அக்கா நிமிர்ந்து மாமியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பரீட்சையில் நூறு எடுத்தது போல இருந்தது.

பிறகு குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் பெரியம்மா என் கைகளைக் கண்டார்.

“ஐயோ, இதென்ன கோலம்? சாணியோ அள்ளினனீ?”

“மாமிக்குப் பூசினது, பெரியம்மா.”

“சத்தம் போடாதை! கையைப் பொத்திக்கொண்டு நில்லு. படத்தில தெரியக் கூடாது.”

நான் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். யாரோ ஒரு சின்னப் பெண் கையைக் காட்டச் சொல்லிக் கேட்டாள், காட்டவில்லை. அழுகை வந்தது, வீடியோ ஓடியதால் அடக்கிக்கொண்டேன். மாமி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

“பொத்தாதை. நீ என்ன களவே எடுத்தனீ? விரிச்சுக்கொண்டு நில்லு.”

பெரியம்மாவின் காதில் விழும்படிதான் சொன்னார். பெரியம்மா படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நான் உள்ளங்கைகளை முன்னால் விரித்துப் பிடித்தேன். படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் என் கைகள்தான் முதலில் கண்ணில் படும். மாமியின் கைகள் அதில் இல்லை. இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். அதை அன்று மேடையிலேயே கவனித்தேன். மூன்று பூச்சும் ஒழுங்காகப் பிடித்திருந்தது, ஒரு திட்டும் வெளியே தெரியவில்லை, பெரியம்மாவே நல்லது என்று சொல்லிவிட்டார். பிறகு எதற்காக மறைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் எங்கேயோ ஒரு இடத்தை விட்டுவிட்டேன் போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து, வரி வரியாகச் சரி பார்த்தேன்.

நிறம் ஒரு கிழமையில் மாமியின் கையை விட்டுப் போனது. அவர் அதற்குப் பிறகு அதைப் பூசவில்லை. எங்கள் வீட்டுச் சடங்குகள் எல்லாவற்றுக்கும் வருவார், முன்வரிசையில் இருப்பார், மேடைக்குக் கூப்பிட்டால் “நான் இருந்து பாக்கிறன்” என்பார். வெள்ளை இப்போது முழங்கை தாண்டிவிட்டது. அக்காவின் கலியாணம் வருகிற ஆவணியில். மாமிதான் ஆராத்தி எடுக்க வேண்டும், கை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அக்கா போன கிழமை நேரில் போய்க் கேட்டாள். மாமி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். இன்னும் பதில் சொல்லவில்லை.