அண்டா காணாமல் போன கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆபீசுக்குப் புதுசு வாங்கிவிட்டுப் பழையதைக் குப்பைக்கு அனுப்ப இருந்தவரிடம் அப்பா கெஞ்சிக் கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான கரங்கானுக்கு வந்து சேர்ந்தார். அதற்குக் காசு கொடுத்து சிஸ்டம் வாங்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்து ஊரான செர்டாங்கில் தன் அம்மாவின் மளிகைக் கடையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், ஊர் உலகத்தில் பலபேர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். திரையில் ஒரு பென்குயின் உட்கார்ந்திருந்தது. இலவசம் என்று கேட்ட நாளிலிருந்து அந்தப் பென்குயின் அப்பாவுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி ஆகிவிட்டது.

அந்த அண்ணன் செய்த இன்னொரு காரியம், லினக்ஸில் ஓடுகிற பழைய ஜாதகப் பொருத்தப் புரோகிராம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டது. அப்பா எங்கள் எஸ்டேட் கோயிலின் செயலாளர். டவுன் ஜோசியருக்கும் அவருக்கும் திருவிழா விஷயத்தில் ஒரு சண்டை நடந்து பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது. அந்த மனுஷன் ஆளைப் பார்த்துப் பொருத்தம் சொல்கிறான், கம்ப்யூட்டர் ஆள் பார்க்காது என்று அப்பா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளிலேயே, எஸ்டேட்டில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு என்றாலும் இரண்டு ஜாதகத்தோடு எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒரு ஜாதகம் காத்திருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். கூலிமில் ஃபேக்டரி வேலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை ஒரு நல்லவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு எந்நேரமும் கவலை. சித்திக்கு அப்படியொரு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவள் வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் கேக் செய்முறைகளைத் தேடிச் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் அடுப்பு இருந்ததே தவிர, கேக் சுடுகிற ஓவன் கிடையாது.

நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அந்தப் புரோகிராம் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது. வீட்டில் ஆங்கிலப் புலமைக்குப் பெயர்போனவள் நான் என்பதால், போனில் அண்ணனுக்கு அதை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. லிப் என்று தொடங்கி, நடுவில் இரண்டு கூட்டல் குறி போட்டு, எஸ் ஓ ஐந்து என்று ஏதோ முடிந்தது. கடைசியில் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் பள்ளியில் டீச்சர் வீட்டுப்பாடம் கேட்டபோது நானும் அதையே சொல்லிப் பார்த்து, முட்டி போட்டு நின்றேன்.

அண்ணன் செம்மண் பாதையில் மோட்டாரில் வந்து இறங்கினார். நான் விடாமல் கேள்வி கேட்டதால் எனக்கு விளக்கமும் கிடைத்தது.

"பாப்பா, உங்க கோயில்ல பெரிய அண்டா, குண்டா எல்லாம் இருக்குல்ல? கல்யாணம்னா வீட்டுக்கு வீடு அண்டா வாங்குறாங்களா? கோயில்ல எடுத்துதானே சமைக்கிறாங்க. இந்தப் புரோகிராமும் அப்படித்தான்லா. தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்காது, பொதுவுல இருக்கிறத எடுத்துச் சமைக்கும். அண்டா இல்லன்னா சமையல் இல்ல."

போன மாதம் சிஸ்டத்தைப் புதுப்பித்தபோது பழைய அண்டா போய்ப் புது அண்டா வந்துவிட்டதாம். இந்தக் கிழட்டுப் புரோகிராமுக்கோ பழைய அண்டாதான் வேண்டுமாம். எல்டிடி என்று தட்டிப் பக்கத்தில் புரோகிராமின் பெயரைப் போட்டால், அது தனக்கு வேண்டிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும், இல்லாததற்கு நேராக நாட் ஃபவுண்ட் என்று காட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கையோடு கொண்டுவந்த பழைய ஃபைலை உரிய இடத்தில் வைத்தார். புரோகிராம் திறந்துகொண்டது. அந்த இடத்தில் கை வைக்க ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அப்பாவுக்கு அது நினைவில் நிற்காது என்பதால் சித்தியிடம் சொல்லிவைத்தார். சித்தி அவருக்குக் கொடுக்க வந்த, பால் விடாத தேநீரான தே ஓ கிளாசைக் கொடுக்காமலே கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் மெர்கோங்கிலிருந்து சித்திக்கு ஒரு ஜாதகம் வந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, சொந்த வீடு, கெரேத்தா என்று நாங்கள் சொல்லும் காரும் உண்டு. அம்மா மனசுக்குள் பந்தலே போட்டுவிட்டாள். அப்பா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அண்டாவைக் காணோம்.

அண்ணன் வந்தார், வைத்தார், போனார். அடுத்த நல்ல நாளில் அப்பா மறுபடியும் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடியும் காணோம். மற்றவர்கள் வீட்டு ஜாதகம் வந்த நாட்களில் சாதுவாகத் திறந்துகொள்ளும் புரோகிராம், மெர்கோங் ஜாதகத்தை வெளியே எடுத்தாலே முறைத்துக்கொண்டது. நான் தீவிரமாக யோசித்து, பென்குயினுக்கு மெர்கோங் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னேன். சித்தி என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, என்னைவிட புத்திசாலி இந்த வீட்டில் யாரும் இல்லை என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மெர்கோங்காரர்கள் எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்? ஜோசியரிடமாவது பார்த்துத் தொலையுங்கள் என்று அம்மா சண்டை பிடித்தாள். அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் முடிவாகிவிட்டது. அம்மா இரண்டு நாள் அழுதாள், பென்குயினைச் சபித்தாள். சித்தி அக்காவுக்கு ரசம் வைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

அடுத்து கூலிமிலிருந்து ஒரு ஜாதகம். அதே கதை. இந்தத் தடவை அண்ணன் புது ஃபைல் எதையும் வைக்காமல், போனது எங்கேதான் போகிறது என்று பார்ப்போம் என்று கம்ப்யூட்டர் முழுவதையும் தேடச் சொல்லி ஒரு கட்டளையைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். சித்தியின் கேக் செய்முறைகள் இருந்த ஃபோல்டரில், பட்டர் கேக்குக்கும் பண்டான் கேக்குக்கும் நடுவில் எங்கள் அண்டா உட்கார்ந்திருந்தது.

அண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சித்தியைப் பார்த்தார். சித்தி சுவரில் இருந்த காலண்டரை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைல் அங்கே எப்படிப் போனது என்று கேட்டேன். சில சமயம் அப்படித்தான் தானாக நகர்ந்துவிடும் என்றார். அப்பா என்ன ஆச்சு என்று உள்ளேயிருந்து கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லண்ணே, பத்திரமாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் இரண்டு கிளாஸ் தே ஓ குடித்தார். கூலிம் ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்க்கவே முடியவில்லை. புரோகிராம் ரொம்ப ரோசாக், கெட்டுப்போயிருக்கிறது, சரியாவதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்துக்குள் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருவதாக. அம்மாவுக்கு முதலில் திகைப்பு, பிறகு சந்தோஷம். கடைக்கார வீடு, பையன் தங்கமான பையன், நம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறானே என்று பூரித்துப்போனாள். அப்பாவுக்கும் சம்மதம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறவன் தன் வீட்டுக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? பொருத்தம் வந்தால் தட்டு மாற்றலாம், வராவிட்டால் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தார். நாளைக்கு எல்லோர் முன்னாலும் மானம் போகக்கூடாது, ஒருதடவை சோதித்துவிடுகிறேன் என்றார். அப்பாவும் அம்மாவும் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள், சித்தி சமையலறையில் இருந்தாள். அண்டா இடத்தில்தான் இருந்தது, புரோகிராம் சமர்த்தாகத் திறந்தது. அவர் சித்தியின் நட்சத்திரத்தையும் தன் நட்சத்திரத்தையும் போட்டுத் தட்டினார். திரையைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது. தண்ணீர் வேண்டும் என்றார். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தபோது திரை கறுப்பாக இருந்தது, அவர் வேகவேகமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை வீடு நிறையப் பூவும் பழமும் ஆட்களும். அப்பா திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தார். திறக்கவில்லை. நான் முந்திக்கொண்டு எல்டிடி தட்டினேன். அன்றைக்கு ஒரு அண்டா இல்லை, கரண்டி வரைக்கும் ஒன்றுமே இல்லை. மேலிருந்து கீழே வரை நாட் ஃபவுண்ட்.

நான் சித்தியைப் பார்த்தேன். நிஜமாகவே திடுக்கிட்டுப் போயிருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். பட்டுச் சட்டை போட்டிருந்த அண்ணன் கீபோர்டை இழுத்துவைத்து வெகுநேரம் தட்டினார், வியர்வையைத் துடைத்தார், தலையை ஆட்டினார். "முடியலண்ணே. இது இனிமே எழுந்திருக்காது" என்றார். சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். தோளெல்லாம் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்கார அண்ணனுக்கு, வேண்டிய நேரத்தில் கைவராமல் போய்விட்டதே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஜோசியரிடம் போகலாம் என்று யாரோ சொல்ல, அப்பா முறைத்தார். கடைசியில் அண்ணனின் அம்மாதான், ஆத்தா சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் கல்யாணம், வெள்ளை வந்தால் இல்லை. ஆத்தாளும் ஆள் பார்க்கமாட்டாள் என்று அப்பா ஒப்புக்கொண்டார். அம்மா விருந்தாளிகளுக்குத் தே கலக்கிக்கொண்டிருந்ததால், பூப்பறித்துப் பொட்டலம் மடிக்கும் வேலையைச் சித்தி தானே செய்வதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு கோயில் தோட்டத்துக்குப் போனாள்.

எடுத்த சின்னப் பிள்ளை நான்தான். சித்தியின் வாழ்க்கையே என் விரலில் இருக்கிறது என்று அம்மா காதில் சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். செம்பருத்தி. அம்மா ஓவென்று அழுதாள், அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், தட்டு மாறியது. சாயங்காலம் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து ஏதோ தட்ட, புரோகிராம் உடனே திறந்துகொண்டது. இதைக் காலையிலேயே செய்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவசரத்தில் கை ஓடவில்லை என்றார். அதற்குப் பிறகு அந்த அண்டா ஒருநாளும் காணாமல் போனதில்லை.

நான் எடுக்காத பொட்டலத்தை அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சித்தி அதைக் கையோடு எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். நான் கேட்டதற்கு, சாமி பூவை அப்படியெல்லாம் பிரிக்கக் கூடாது என்றாள். நான் தப்பாக எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பல நாள் பயந்துகொண்டிருந்தேன். இத்தனைக்கும் பூப்பறிக்கும்போது கூடை பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். தோட்டத்தில் வெள்ளையாகப் பூக்கிற நந்தியாவட்டைச் செடிப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.