சம்பந்தியம்மா பார்த்த கன்னட சீரியல்

மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுக் கேபிள், மழை வந்தாலும் நின்றுபோகும், காற்று அடித்தாலும் நின்றுபோகும். அம்மாவின் புலம்பல் தாங்காமல், இணையத்தில் நேரலையாகச் சேனல்கள் பார்க்கும் சந்தா ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இருப்பதிலேயே சின்ன பிளான். ஒரு நேரத்தில் ஒரு டிவியில்தான் ஓடும். வீட்டில் இருப்பதும் ஒன்றுதானே. ஓசூரில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருநாள் பாஸ்வேர்டு கேட்டாள். அனுப்பி வைத்தேன்.

கொஞ்ச நாளில், சாயங்காலம் அம்மாவின் சீரியல் தொடங்கும் நேரமாகப் பார்த்துத் திரை கறுத்துப்போக ஆரம்பித்தது. இந்தக் கணக்கில் வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுத்து வந்து நிற்கும்.

"யாருடா அந்த வேறொருவரு? நம்ம வூட்டு டிவிய அவுங்க எப்படிப் பாக்கறாங்க?" என்றார் அம்மா.

கடைசியாகப் பார்த்தவை என்ற இடத்தைத் திறந்தேன். வரிசையாகக் கன்னடச் சேனல்கள். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எங்கள் உறவில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர் அக்காவின் மாமியார்தான். அவருக்கும் அம்மாவுக்கும் கல்யாணத்திலிருந்தே பேச்சில்லை. பந்தியில் உட்கார்ந்து, "பாயசத்துக்குச் சக்கரை இன்னும் வந்து சேரலைங்களா?" என்று அவர் கேட்டது கடைசி இலை வரை கேட்டுவிட்டது.

"அத்து வுடு" என்றார் அம்மா.

எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். எங்கள் டிவியும் சேர்ந்தே வெளியேறியது. நான் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்காவின் மாமியார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, டிவி நின்னுபோச்சுப்பா."

"நாந்தாங்க நிறுத்தச் சொன்னேன்."

 அந்தப் பக்கத்திலிருந்து அவர் தழுதழுத்த குரலில், "தாலிய கையில எடுத்துட்டான், சம்பந்தியம்மா. கட்டுனானா இல்லையான்னே தெரியலையே" என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. சீரியலில் தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன பாடு என்பது அவருக்குத் தெரியும்.

"யாரு, மொதத் தாரத்துப் பையனாங்க?"

"அல்ல, அவன் இல்ல, அவனோட தம்பி. நோடி, இங்க பாருங்க, கதை எங்க ஆரம்பிச்சதுன்னா..."

கதை முடிவதற்குள் அம்மாவின் சீரியல் முடிந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

மறுநாள் இரண்டு டிவியில் ஓடும் பிளானுக்கு மாற்றினேன். இனி அவரவர் சீரியலை அவரவர் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. நடந்தது வேறு. தக்காளி ஏற்ற வருகிற கர்நாடக லாரிக்காரர்களிடம் பேசிப் பழகிய கன்னடத்தை வைத்துக்கொண்டு, அம்மாவும் அதே கன்னட சீரியலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வீட்டிலும் போன் ஸ்பீக்கரில் இருக்கும். இதில் ஒரே தொந்தரவு, ஓசூரில் ஓடுவது எங்கள் டிவிக்குச் சற்றுப் பிந்தித்தான் வரும். அவர் அங்கே உச்சுக் கொட்டும்போது இங்கே கதாநாயகி சிரித்துக்கொண்டிருப்பாள்.

நேற்றும் போனில் அவர் விசும்பும் சத்தம் கேட்டது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சம்பந்தியம்மா, சித்த பொறுத்து அழுவுங்க. எங்க வூட்ல இன்னும் அவ மாடிப்படியே ஏறல."