அக்கா எழுதாத தாள்

அனகாபுத்தூர் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் மூடி தொலைந்த மைப்பெட்டி ஒன்று இருந்தது. மே மாத வெயிலில் மை காய்ந்துவிடாமல் இருக்க, அதன் மேல் ஈரத்துணி போட்டு வைத்திருந்தார்கள். அவர் துணியை விலக்கி, முத்திரையை மையில் அழுத்தியபடியே, தலை நிமிராமல் கேட்டார்: "வீட்ல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா?" கேள்வி எனக்கானது. பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அக்கா. "யாரும் இல்ல சார்." முத்திரை விழுந்தது.

அன்றைய தேதிக்கு அது பொய்யில்லை. ஆனால் அக்காவுக்கு அப்போது பட்டத்துக்கு ஒரே ஒரு தாள்தான் மீதமிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்கான தேர்வு.

நாங்கள் வாங்கப் போனது முதல் பட்டதாரிச் சான்றிதழ். பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ பட்டம் பெற்றிராத வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, பொறியியல் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும். அதற்கு இந்தக் காகிதம் வேண்டும். அப்பா தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோடையில் வேலை இருக்கும், மழை பெய்தால் இருக்காது. சலுகை கிடைத்தால் நான் பொறியியல் சேரலாம், கிடைக்காவிட்டால் அக்கா போகும் கம்பெனிக்கே போக வேண்டும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா மட்டும் லாரி ஷெட்டில் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்: "என் சின்னப் பொண்ணுதான் எங்க வூட்டுக்கு மொத பட்டதாரி. எயுதி வச்சிக்கோ."

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்ததும் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அதோடு தபால் வழியில் வரலாறு படித்தாள். பல்லாவரம் பேருந்திலும் அங்கிருந்து போகும் மின்சார ரயிலிலும்தான் படிப்பு. அரசர்களின் பெயர்களையும் உடன்படிக்கைகளையும் ஸ்டிக்கர் உரித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, ரவிக்கைக்குள் செருகி வைத்திருப்பாள். அப்பாவைப் பொறுத்தவரை அது அக்கா பொழுதுபோக்குக்குச் செய்வது. கல்லூரி என்றால் பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். தபாலில் வருவதெல்லாம் அவர் கணக்கில் படிப்பு இல்லை.

அந்த ஞாயிறு காலையில் அக்கா தலைக்குக் குளித்து, ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் தேர்வு மையம். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். "ஈசியா இருந்ததா?" என்று கேட்டேன். "ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சாயங்காலம், அவளோடு வேலை பார்த்து அவளைப் போலவே தபாலில் படிக்கும் தோழி வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"இன்னாடி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? எக்ஸாமுக்கு ஏன் வரல? உன் பெஞ்சு காலியா கெடந்துச்சி, அந்தாளு உன் பேரை மூணு வாட்டி கூப்டுகினே இருந்தான்!"

அக்கா அவளைக் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நான் பாஸ் பண்ணிட்டா இவளுக்குச் சலுகை போயிடும்டி. ஏற்கெனவே ஒரு டிகிரி இருக்குன்னு ஆயிடும்." தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "யாரையாச்சும் கேட்டியா?" "கேக்கப் போனா பேரை எழுதி வச்சிக்குவாங்க. அப்புறம் மொத்தமும் பேஜார்." தேர்வு நடந்த மூன்று மணி நேரமும் அவள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர், தொலைந்து போய்விட்டாயா அம்மா என்று இரண்டு முறை விசாரித்தாராம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள்.

எங்களைப் போன்ற வீடுகளில் அரசு அலுவலகத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், நாமாக ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர்களுக்கு ஒரு யோசனையைக் கொடுத்ததாகிவிடும். இல்லாத விதிகூட அந்த யோசனையிலிருந்து முளைத்துவிடும். பின்னாளில் நிருபராகப் பல அலுவலகங்களுக்குப் போனபோது, இந்தப் பயம் முழுக்க ஆதாரமற்றது அல்ல என்றும் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று யாராவது ஒருவரிடம் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

எனக்குச் சலுகை கிடைத்தது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அடுத்த பருவத்தில் எழுதிக்கொள் என்று அக்காவிடம் சொன்னேன். "வீட்ல டிகிரி இருக்கான்னு வருஷா வருஷம் பாப்பாங்கடி, நீ முடி முதல்ல" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேர்வின் முடிவே நான் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. தோழி தேறிவிட்டாள். கம்பெனிக்குச் சாக்லேட் வாங்கி வந்து கொடுத்தாளாம். அக்கா இரண்டு எடுத்துக்கொண்டு, எனக்கு ஒன்று கொண்டு வந்தாள்.

கடைசி வருடம், சலுகை தொடர்பான கையெழுத்துக்காகப் பெற்றோர் ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா வெளியூர் லோடு போயிருந்தார், அம்மாவுக்கு அலுவலகம் என்றாலே பயம், அதனால் அக்கா வந்தாள். அதற்குள் அவளுக்குத் திருமணமாகி, இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. உதவித்தொகைப் பிரிவில் இருந்த மேடம் நல்ல மாதிரி. குழந்தைக்கு முத்திரைக் கட்டையை விளையாடக் கொடுத்துவிட்டு, "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்று சும்மா கேட்டார். அக்கா வழக்கம்போல "பிளஸ் டூ" என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை. என் சலுகை போய்விடக் கூடாதென்று டிகிரியின் கடைசித் தாளை எழுதாமல் விட்டவள் என்று சொல்லிவிட்டேன். அக்கா என் காலை மிதித்தாள்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இவ சேர்ந்த அன்னிக்கு வீட்ல பட்டதாரி இல்லேன்னா போதுமே. அதுக்கப்புறம் நீங்க டாக்டர் பட்டம் வாங்கினாலும் எங்களுக்கு என்ன?"

அக்கா சிரித்தாள். சட்டையில் தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்தவள் போல, தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். பேருந்து நிறுத்தத்தில் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். பிறகு, "அப்பாட்ட சொல்லாத. அவரு பாவம், எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காரு" என்றாள். அந்த வாரம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதிவுக்காலம் முடிந்துவிட்டது, பாடத்திட்டமும் மாறிவிட்டது, முதலிலிருந்து சேர வேண்டும் என்று பதில் வந்தது.

நான் பொறியியல் முடித்து ஒரு நாள்கூட அந்த வேலைக்குப் போகவில்லை. பத்திரிகைக்கு வந்துவிட்டேன். அக்கா இதற்காக ஒருமுறையும் கோபித்ததில்லை. "அவ்ளோ பெரிய காலேஜ்ல படிச்சுட்டு ஊர்வம்பு எழுதுறா" என்று தன் மாமியார் வீட்டாரிடம் கேலி செய்வதோடு சரி. ஒவ்வொரு ஜூன் மாதமும் உதவித்தொகைச் செய்திகள் என் மேசைக்கு வரும். சேரும் நாளில் யார் பட்டதாரி என்பதே கணக்கு என்ற வரியை நான் விடாமல் சேர்ப்பேன். இடமில்லை என்று யாராவது அதை வெட்டினால், வேறொன்றை வெட்டச் சொல்லிச் சண்டை போடுவேன்.

சென்ற மாதம் அக்கா தொலைபேசியில் அழைத்து, தாம்பரத்தில் தொலைநிலைக் கல்வி மையத்துக்குக் கூட வா என்றாள். வரலாறுதான், முதல் வருடத்திலிருந்து. விசாரணைச் சாளரத்தில் அவள் கேட்ட கேள்விகளை நான் எண்ணவில்லை. தேர்வுக்கு வராவிட்டால் என்ன ஆகும், மறுபடி எழுத எத்தனை வருடம், வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டா. பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார்.

"இன்னாக்கா, எல்லாத்தையும் இன்னிக்கே கேட்டுடுவியா? லைன் ரோடு வரைக்கும் கீது."

"இருங்கண்ணா. போன வாட்டி கேக்காம போய்தான் இவ்ளோ வருஷம் ஆச்சு" என்றாள், திரும்பாமலே. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சார், என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. நான் டிகிரி முடிச்சா, அவளுக்கு அந்த முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா?"

"அது எங்க வேலை இல்லம்மா" என்றார் உள்ளே இருந்தவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். பதில் எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் நானே திருத்தி அனுப்பும் செய்தி. தெரியவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கிடைக்காதுக்கா" என்றேன். "அம்மா பட்டதாரின்னா கிடைக்காது."

அவள் விண்ணப்பத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினாள். வரிசை நகரக் காத்திருந்தது.

"சரி, அவ ஃபீஸ நீ கட்டிடு" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.