யெல்மர் பிடித்த பெல்ட்

"துணிவு: சிறப்பு. நரம்புறுதி: சிறப்பு. கீழ்ப்படிதல்: மிகச் சிறப்பு." மோட்டார்க்காரன் யெல்மர் ஸ்டீன்ஸ்ட்ராவைப் பற்றிக் கடற்படை எழுதி வைத்தது இது. எங்கள் கடற்படைத் துறைமுகமான டென் ஹெல்டரில் இதைப் படித்துக் காட்டினால், எந்த யெல்மர் என்று கேட்பார்கள்.

எங்கள் யெல்மருக்கு அலை ஆகாது. போர்க்கப்பலில் ஓயாமல் வாந்தி எடுத்தவன், தண்ணீருக்கு அடியில் அலையே கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி நீர்மூழ்கிக்கு வந்தான். அலை கிடையாதுதான். ஆனால் மேலே ஓடப் பெட்ரோல் எஞ்சின், கீழே ஓட மின் மோட்டார் என்று இரண்டு இருந்தன. எஞ்சின் கசியவிடும் ஆவியும் மோட்டார் ஸ்விட்ச் உதிர்க்கும் பொறியும் என்றாவது சந்தித்தால்? நாங்கள் அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தோம். அவன் மட்டும் வேறெதையும் நினைப்பதில்லை.

அட்மிரல் பார்க்க வந்த அன்று காலை முழுவதும் எஞ்சின் ஓடியது. நாங்கள் உள்ளே இருந்தோம். யெல்மர் கயிறு சுற்றுவதாகச் சொல்லி மேல்தளத்திலேயே நின்று, எஞ்சினை நிறுத்தி மூடியைச் சாத்தும்போதுதான் இறங்கினான். தண்ணீரை உள்ளே வாங்கி மூழ்கினோம். எடை சமமாகும்வரை யாரும் இடம்விட்டு அசையக்கூடாது. ஓர் ஆள் நடந்தாலே படகு சாய்ந்துவிடும்.

"ஐயா, பெட்ரோல் நாறுது" என்றான் யெல்மர், பின்பக்கம் ஸ்விட்சடியில் இருந்து.

"உன் வாந்திய மோந்து பாத்தியாடா?" என்றான் சுக்கான் பிடித்திருந்த கோபஸ். எல்லோரும் சிரித்தோம். படகுத் தலைவர் லெப்டினன்ட் தெர் ஹார்ஸ்ட்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. சிரிப்பு நிற்கவும் இல்லை.

யெல்மரின் முகம் வெளுத்தது. "ஐயோ, பெட்ரோல் ஆவி எல்லாருக்கும் தலைக்கேறிடுச்சு" என்று முணுமுணுத்தவன், முன்பக்க ஏணியை நோக்கி ஓடினான். படகின் மூக்கு சரிந்தது. சேற்றில் குத்தி நின்றது. விளக்குகள் மங்கின. எங்கோ தண்ணீர் சொட்டியது.

"மோட்டாரப் பின்னால ஓட்டு" என்றார் லெப்டினன்ட்.

"பொறி பறக்கும் ஐயா. அடைச்சு வெச்ச காத்தத் திறந்து தண்ணிய வெளியேத்திடலாம்" என்றான் யெல்மர்.

"தக்கை மாதிரி துள்ளிக்கிட்டு போகச் சொல்றியா? அட்மிரல் பாத்துட்டு இருக்கார்."

"நீங்க விடுங்க ஐயா, நான் போடறேன்" என்று கோபஸ் சிரித்தபடியே ஸ்விட்சை நோக்கி நகர்ந்தான். பயத்தில் யெல்மரின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

யெல்மர் ஏணியை விட்டு ஓடி வந்து, ஒரு கையால் கோபஸின் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்று வால்வைத் திறந்தான். படகு அட்மிரலுக்கு முன்னால் துள்ளி மேலே வந்தது. மூடியைத் திறந்ததும் அவன்தான். எங்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே ஏறியதும் அவன்தான்.