செம்மஞ்சள் எச்சரிக்கையை மறைத்து விற்ற திராட்சைத் தோட்டச் சுற்றுலா

குளிர்காலத்தில் சிசிலியின் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் நாங்கள் போன மாதிரிப் போகாதீர்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நவம்பர் கடைசியில் ஜேர்மனியிலிருந்து சிசிலியின் பலேர்மோ நகருக்குப் போயிருந்தேன். அங்கே வீட்டு வேலை செய்யும் என் பள்ளித் தோழி றெஜினாவுக்கு வியாழக்கிழமை ஓய்வு. ஆளுக்கு அறுபது யூரோ கட்டி, அல்காமோப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வான் வண்டியில் சுற்றுலா பதிந்தோம். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்.

அன்று ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சூடான சிரோக்கோ காற்று வீசியது. நவம்பரில் வியர்த்தது. "அதிர்ஷ்டசாலிகள் நீங்கள், கோடை போல இருக்கிறது!" என்றாள் வழிகாட்டிப் பெண்.

தோட்டக்காரி கொன்செத்தா எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் இத்தாலியனில் படபடவென்று சொன்னதை றெஜினா எனக்குச் சொன்னாள்.

"ஒக்டோபரிலை இருந்து மெல்ல மெல்ல மழை பெய்யவேணுமாம். இப்ப மாசக்கணக்கா ஒண்டுமில்லை, பிறகு ஒரே நாளிலை கொட்டி மண்ணையும் அள்ளிக்கொண்டு போகுதாம். குளிர் காணாமல் கொடியள் நித்திரை கொள்ளுதில்லையாம். இந்த முறையும் குளிர் குறைவெண்டுதான் சொல்லுறாங்களாம். நேரத்தோடை தளிர்விட்டால், பிறகு வாற பனி கருக்கிப்போடுமாம்."

பிறகு கொன்செத்தா வழிகாட்டியிடம் திரும்பிக் கேட்டதையும் றெஜினாவே சொன்னாள். "இன்றைக்குக் கனமழைக்கான செம்மஞ்சள் எச்சரிக்கை. வரவேண்டாம் என்று நேற்று மாலையே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேனே, ஏன் வந்தீர்கள்?"

எங்கள் யாருக்கும் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவசரமாக எங்களை வானில் ஏற்றினார்கள். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், மழை கொட்டியது. ஓடையைத் தாண்டும் பள்ளத்தில் தெருவே தெரியவில்லை, பழுப்புத் தண்ணீர் ஓடியது. ஆழமில்லை, போய்விடலாம் என்று சாரதி வானை முன்னே நகர்த்தினான். றெஜினா கதவை இழுத்துத் திறந்தாள்.

"இறங்கடி, கெதியா! போறதெண்டால் அவன் தனியப் போகட்டும்."

எங்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். சாரதி திட்டியபடி வானைப் பின்னால் எடுத்தான். சற்று நேரத்தில் வேலிக்கட்டைகளும் வேரோடு பிடுங்கிய திராட்சைக் கொடிகளும் அந்தத் தண்ணீரில் உருண்டு போயின.

நனைந்தபடி நடந்து கொன்செத்தாவின் கொட்டகைக்குத் திரும்பினோம். அவர் பாணும் பாற்கட்டியும் தந்துவிட்டு வாசலிலேயே நின்றார். "அடிச்சுக்கொண்டு போனது அவ போன வருஷம் நட்ட கொடியளாம்" என்றாள் றெஜினா. தண்ணீர் வடிந்த பிறகுதான் பலேர்மோவுக்குத் திரும்ப முடிந்தது.

மறுநாள் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி: எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? றெஜினா அழைத்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள். முன்னறிவிப்புகள் பலமுறை பிழைப்பதுண்டு, வேண்டுமானால் இன்னொரு சுற்றுலா இலவசம் என்றார்கள். "சாவுக்கு இலவச ரிக்கெற்றோ?" என்று தமிழில் கத்திவிட்டு வைத்தாள்.

போகிறவர்களுக்கு: முந்தின நாள் மாலையே மாநிலத்தின் வானிலை எச்சரிக்கையை நீங்களே பாருங்கள். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் நகரத்தை விட்டு வெளியேறாதீர்கள். எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்துவீர்களா என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சேற்றுக்கு ஏற்ற சப்பாத்து அவசியம்.

அன்றைக்குப் பிறகு அங்கே ஒரு துளி மழையும் இல்லையாம். வானத்தோடு நாம் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வானை அனுப்பியவரோடு பிடிக்கலாம். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். சாட்சி சொல்லக் கொன்செத்தாவும் வருகிறார்.