வெள்ளைப் புள்ளியும் வீடியோ அழைப்பும்

வண்ணமீன் வியாபாரம் என்பது மீனை விற்றுக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டவுடன் முடிந்துவிடுகிற வியாபாரம் அன்று. விற்ற மீன் சாகிறவரையில் விற்றவன் உயிரோடிருந்து பதில் சொல்லியாக வேண்டிய வியாபாரம்.

சங்கரன்கோவிலில், திருவேங்கடம் சாலையில் நான் கடை வைத்த காலத்தில் இவ்வூரில் மீன் என்றால் குழம்பு என்றுதான் பொருள். பள்ளிக்கூடத்தில் நான் நெடுங்காலம் இருந்தவன் அல்லன். மீன்களின் நோய்களைப் பற்றி நான் அறிந்தவையெல்லாம், பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய நூல்களிடமிருந்தும், என் தொட்டிகளில் செத்து மிதந்த மீன்களிடமிருந்தும் கற்றவை. இவ்விரு ஆசிரியர்களில் பின்னவர்களே கண்டிப்பானவர்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. கற்றதில் நான் களைப்படையவில்லை. கற்றதை எடுத்துச் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன். கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அனுபவமுள்ள அன்பர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

பளபளப்பு

ராயகிரியிலிருந்து ஓர் இளைஞர் தூக்குச்சட்டியும் கையுமாகப் பேருந்தில் வந்து இறங்கினார். என்னிடம் வாங்கிப்போன தங்கமீன்களில் எஞ்சிய ஒன்று அந்தச் சட்டிக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, சுத்தமாகத்தான் வைத்திருந்தேன் என்றார். இந்தத் தொழிலில் நான் அஞ்சுகிற சொல் ஒன்று உண்டென்றால் அது ‘சுத்தம்’ என்பதுதான். வாரந்தோறும் தண்ணீரை அடியோடு இறைத்துக் கொட்டி, கூழாங்கற்களைச் சோப்புத்தூளில் அலசி, ஃபில்டரின் பஞ்சை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு எடுத்திருக்கிறார்.

மீனின் கழிவு நஞ்சாக மாறாதபடி காப்பது அந்தப் பஞ்சில் படிந்திருக்கும் வழுவழுப்புத்தான். பழைய தண்ணீரில் சிறு பங்கை மட்டுமே மாற்ற வேண்டும். சோப்பு வாடைகூடத் தொட்டியின் பக்கம் போகலாகாது. இவற்றையெல்லாம் நின்றபடியே எடுத்துரைத்தேன். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: “நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. ஆனா ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தத் தொட்டியப் பாருங்க, என்னா பளபளப்பு! மீன்தான் அதுக்குத் தகுந்த மீனா அமையல.”

மண் வைத்தியம்

எங்கள் கோவில் புற்றுமண்ணைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: சொறி, சிரங்கு, தேமல் என்று தோலில் எது கண்டாலும் அந்த மண்ணை நீரில் குழைத்துப் பூசிக்கொள்வது இங்கே வழக்கம். நானும் பூசியிருக்கிறேன், ஆறியும் இருக்கிறது. மீன்களுக்கு வரும் நோய்களுள் பரவலானது வெள்ளைப் புள்ளி. உடம்பில் ரவையைத் தூவினாற்போல் காணும். அதுவும் தோல் நோய்தானே என்று யாராவது ஒருநாள் எண்ணத்தான் போகிறார்கள் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எண்ணியவர் விசைத்தறி வைத்திருக்கும் மாடசாமி. என் வயதுக்காரர், அந்த உரிமையில் என்னை ‘வே’ போட்டுப் பேசுவார். வீட்டுக்கு வந்து பாருமென்று அழைத்தார், போனேன். தொட்டி முழுவதும் கடைத் தேநீர் நிறத்தில் இருந்தது.

“என்னவே, புள்ளியைத் தேடுதீரா? ஒண்ணுகூடக் கிடையாது. அம்மன் மண்ணு வே அது!” என்றார்.

“புள்ளியை விடும். மீனையே காணோமே?” என்றேன்.

வலையை விட்டுத் துழாவி ஒரு மீனைத் தூக்கிக் காட்டினேன். வாலிலிருந்து கண் வரையில் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக நின்றன. மாடசாமி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த வருத்தம் என்மேல்தான் என்பது சற்றுக் கழித்தே எனக்கு விளங்கிற்று. “நீரு எதுக்குவே அதை வெளிய எடுத்தீரு? உள்ள இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!”

கோபம்

பணி ஓய்வு பெற்ற சுகாதாரச் செவிலியர் கோமதியம்மாளை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டு அழுத பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஊரார் அழைப்பதுபோல் நானும் நர்ஸம்மா என்றே அழைப்பேன். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் சுரேஷுக்குத் துபாயில் வேலை. ஒரு விடுமுறையில் வந்தவன், என் கடையில் பெரிய தொட்டி ஒன்றும் ஆஸ்கார் மீன் ஒன்றும் வாங்கித் தாயார் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். ஆஸ்கார் என்பது உள்ளங்கையைத் தாண்டி வளரும் மீன். கரிய உடம்பில் தணல் நிறத்தில் தீற்றல்கள் இருக்கும். ஆள் வருவது தெரிந்தால் கண்ணாடியருகே வந்து முகத்தைப் பார்க்கும்.

வாரம் ஒருமுறை மகன் வீடியோவில் அழைப்பான். “நல்லாருக்கியாம்மா?” என்பான், அடுத்த வார்த்தை “மீனைக் காட்டு” என்பதுதான். அதன்பிறகு பேச்சு முடிகிறவரையில் போன் தொட்டியைப் பார்த்தபடி இருக்க, நர்ஸம்மா போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஊர்ச் சங்கதிகளைச் சொல்லுவார். இதை அவரே என்னிடம், மழை பெய்தது என்பதைச் சொல்வதுபோல் சொன்னார்.

ஒருநாள் காலை பதற்றத்தோடு அழைத்தார். மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து தொட்டியின் அடியில் கிடக்கிறது, நிறம் வெளுத்துவிட்டது, இரையைத் தொடவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லை. முந்தைய நாள் தொட்டியின் மூலையில் கிடந்த பெரிய கல்லை, பார்வைக்கு நன்றாக இருக்குமென்று நடுவில் நகர்த்தி வைத்திருக்கிறார். ஆஸ்காரின் சுபாவம் அது. தன் இடத்தில் ஒரு பொருள் மாறினால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். உண்ணாது, ஆனால் அதனால் சாகவும் சாகாது. கோபம் தணிந்ததும் தானே எழுந்து நீந்தும். கல்லை மூலைக்கே நகர்த்திவிட்டு இதை விளக்கினேன். நர்ஸம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மீனிடம் கேட்டார்: “ஒரு கல்லை நகர்த்துனதுக்கா இந்தக் கோவம்? என்னைய சர்வீஸ்ல எத்தனை ஊருக்குத் தூக்கியடிச்சாங்க, நான் ஒருநாளாவது சாப்பிடாமப் படுத்தேனா?”

காய்ச்சல் இல்லாத நோயாளி

பிறகு மெய்யாகவே நோய் வந்தது. கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிளாஸ்டிக் பையில் விற்ற குட்டி மீன்களை, ஆஸ்காருக்குத் துணையாக இருக்கட்டும் என்று நர்ஸம்மா வாங்கி விட்டிருந்தார். துணைக்கு வந்தவற்றை ஆஸ்கார் தின்றுவிட்டது. அவை கொண்டுவந்த வெள்ளைப் புள்ளி தங்கிவிட்டது. கண்புரை அறுவை செய்துகொண்ட தாயாருக்கு அது தெரியவில்லை. துபாயில் இருந்த மகன்தான் போனில் பார்த்துவிட்டு, “அம்மா, மீன் மேல உப்பு மாதிரி என்னமோ ஒட்டியிருக்கு” என்று கண்டுபிடித்தான். அன்றிலிருந்து போன் காலையிலும் மாலையிலும் மணியடிக்கத் தொடங்கிற்று.

கல் உப்பை அளவறிந்து போட வேண்டும், ஹீட்டர் வைத்துத் தண்ணீரை வெதுவெதுப்பாக்க வேண்டும், காற்று மோட்டாரை நிறுத்தக்கூடாது என்று சொல்லி வந்தேன். மறுமுறை போனபோது நர்ஸம்மா தலைவாரி, பவுடர் பூசி, வெளியே கிளம்புகிறவர்போல் நல்ல சேலை உடுத்தியிருந்தார். எங்கே பயணம் என்றேன். எங்கும் இல்லை, மகன் கூப்பிடும் நேரம் என்றார். நோயாளியின் நிலையைத் தாயாரிடம் விசாரிக்க வேண்டியிருந்ததால், இப்போது அவன் போனைத் தாயார் முகத்தின் பக்கமும் திருப்பச் சொல்கிறானாம். “நீ சாப்பிட்டியாம்மா?” என்றுகூடக் கேட்டானாம்.

தொட்டிக்குள் ஒரு சுரமானி கிடந்தது. காய்ச்சல் பார்க்க மனிதர்களின் அக்குளில் வைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரெல்லாம் அதன் முதல் கோட்டையே தொடாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவர் அதை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: “இத்தனை வருஷ சர்வீஸ்ல, உடம்பு பூராக் கொப்புளம் போட்டும் துளிகூடக் காய்ச்சல் அடிக்காத நோயாளிய நான் இப்பத்தான் பாக்கேன் அண்ணாச்சி.”

மூன்று வைத்தியர்கள்

மீன் இளைத்தது. ஒருநாள் அது கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் செதில் உதிர்ந்ததைக் கண்டு எனக்கே நம்பிக்கை குறைந்தது. நர்ஸம்மாவோ மீன் பிழைக்குமா என்று என்னிடம் கேட்கவில்லை, “இது போயிட்டுன்னா அவன் எதைப் பாக்க போன் போடுவான்?” என்றுதான் கேட்டார். அதன்பின் நான் தினமும் கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டுக்குப் போய்வரலானேன். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அங்கே என்னைத் தனி வைத்தியனாக இருக்கவும் யாரும் விடவில்லை. போனுக்குள்ளிருந்து சுரேஷ், “அங்கிள், இங்க ஒருத்தர் வீடியோல உப்பே போடக்கூடாதுங்காரே?” என்பான். சங்கதி கேள்விப்பட்ட மாடசாமி ஒரு பொட்டலம் புற்றுமண்ணோடு வந்து சேர்ந்தார். அதைத் தொட்டிக்குள் போடவிடாமல் தடுத்து, மரியாதைக்காகத் தொட்டியின் மூடிமேல் வைக்கச் செய்தேன். புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். புள்ளி உதிர்ந்து கூழாங்கல்லுக்குள் விழுந்து, பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். பலர் மீனைப் பறிகொடுப்பது அந்த இடைவெளியில்தான்.

ஒருவழியாக மீன் தேறிற்று. இரைக்குப் பாய்ந்து கண்ணாடியை முட்டிற்று. தான் இணையத்தில் வாங்கி அனுப்பிய நீல மருந்துதான் காரணம் என்றான் சுரேஷ். அதன் மூடிகூடத் திறக்கப்படவில்லை. தொட்டியின் மூடிமேல் இருந்த மண்ணே காரணம் என்றார் மாடசாமி. நான் உப்பைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு அயர்ச்சி. போனை வைத்தபின் நர்ஸம்மா மட்டும் மகிழாமல் நின்றிருந்தார். “நாளைக்கும் கொஞ்சம் சுணங்கித்தான் இருக்குன்னு அவன்கிட்ட சொல்லிக்கிடலாமா அண்ணாச்சி?”

வேண்டுகோள்

அதன்பிறகு சில வாரங்கள் நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் ஆட்டோவில் கடைக்கு வந்து இறங்கினார். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார், திரும்பி வந்தார்.

“மீன் எப்படி இருக்கு நர்ஸம்மா?” என்றேன்.

“நல்லாருக்கு அண்ணாச்சி. ரொம்ப நல்லாருக்கு. அதான் வந்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போன வாரம் அவன் கூப்பிடல. அதுக்கு முந்துன வாரம் கூப்பிட்டான். மீன் நல்லாருக்கான்னான், நல்லாருக்குன்னேன். சரிம்மா வச்சிருதேன்னுட்டான்.” பிறகு, கடையில் வேறு யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “சாகாத அளவுக்கு, அதுக்கு வலிக்காத அளவுக்கு, ஆனா போன்ல பாத்தாத் தெரியுத அளவுக்குச் சின்னதா ஒரு வியாதி இருக்கா அண்ணாச்சி?”

எடைக்கு வாங்கிய நூல்கள் எவற்றிலும் இதற்கு விடை இல்லை. கையில் இருந்த வலையை அலசி ஆணியில் மாட்டினேன். மாட்டியதை எடுத்து மறுபடி அலசினேன். உப்பைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்பதை இந்த அம்மாளுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். தானாக அப்படிச் செய்துவிடாமல் என்னிடம் வந்து கேட்கிறாரே என்பதுதான் என்னைப் பேசவைத்தது. “அந்தப் பெரிய கல்லைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்க” என்றேன். அவருக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும், மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிற நோயாளியின் பவ்வியத்தோடு கேட்டார்: “எந்தப் பக்கம் நகர்த்துனா கோவம் கூட வரும்?”

இப்போது சுரேஷ் எனக்கே நேரடியாக அழைக்கிறான். “அங்கிள், அது மறுபடியும் சாஞ்சு படுத்திருக்கு. அம்மா என்ன செய்றாங்கன்னே புரியல. தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கேன், நேர்ல வந்து பாத்திருதேன்” என்றான். பார்க்கலாம் என்றேன். போனை வைக்கப்போனவன் மறுபடி கேட்டான்: “அதுவரைக்கும் தாங்குமா அங்கிள்?”

நோய்ப்பட்ட மீன்களைத் தேற்றுவதிலேயே ஆயுளைக் கழித்த நான், எந்தக் குறையும் இல்லாத ஒரு மீனைத் தீபாவளி வரையில் நோயாளியாகவே வைத்திருக்கும் பொறுப்பை இந்த வயதில் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.